9999-க்குப் பிறகு மறுபடியும் 0001

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த படங்களையெல்லாம் பென்டிரைவில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்து, ஆல்பத்தில் வர வேண்டிய படங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்: 0412, 0418, 0437 என்று நீளும் பட்டியல். ‘செலக்‌ஷன்’ என்று இதற்குப் பெயர். பெரும்பாலான கல்யாணங்களில் படம் எடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் டிரெடிஷனல், இன்னொருவர் கேண்டிட். இருவர் கையிலும் ஒரே கம்பெனி கேமரா என்றால், இருவர் கார்டிலும் ஒரு 0412 இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று தாலி கட்டும் நொடி. மற்றது பந்தியில் இலை போடும் காட்சி. தாளில் எழுதியிருக்கும் 0412 இவற்றில் எது?

இதையாவது போன் போட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும் வேளைதான் உண்மையில் ஆபத்தானது. இதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, அதை மாற்றிவிடவா, விட்டுவிடவா என்று விண்டோஸ் கேட்கும். நள்ளிரவில் மண்டபத்திலிருந்து களைத்துத் திரும்பியவர், ‘ஒரே கார்டைத்தானே இரண்டாம் முறை போடுகிறோம்’ என்று நினைத்து மாற்றச் சொல்லிவிட்டால், முதல் கார்டிலிருந்து வந்த படங்களில் பெயர் மோதியவை அத்தனையும் போய்விடும். அப்படி மேலெழுதப்பட்ட கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. லினக்ஸ் டெர்மினலில் நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையோ, தனியாகச் சொல்லிவைக்காவிட்டால், கேட்காமலேயே மேலெழுதிவிடும்.

இத்தனைக்கும் காரணமான அந்த நான்கு இலக்கம் ஒரு சர்வதேச ஏற்பாட்டின் விளைவு. 1990-களில் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு வந்தபோது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி கார்டில் படங்களைச் சேமித்தது. ஒரு கேமராவில் எடுத்த கார்டை இன்னொன்றில் போட்டால் படம் தெரியும் என்று சொல்ல முடியாது. 1998-இல் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கம் இதற்கு ஒரு பொது விதியை வகுத்தது. டிசிஎஃப் என்பது அதன் சுருக்கப் பெயர். இன்றைக்கும் எந்தக் கேமராவின் கார்டைத் திறந்தாலும் முதலில் ‘டிசிஐஎம்’ என்ற ஃபோல்டர் கண்ணில் படுவது அந்த விதியால்தான். அதற்குள் 100 முதல் 999 வரை ஏதாவது ஓர் எண்ணில் தொடங்கி, ஐந்து எழுத்துகளில் முடியும் ஃபோல்டர்கள். அவற்றுக்குள் எட்டே எழுத்தில் பெயர் கொண்ட படங்கள். எட்டில் முதல் நான்கு கம்பெனியின் விருப்பம். கடைசி நான்கு, 0001 முதல் 9999 வரையிலான எண்.

எட்டு எழுத்து என்ற வரம்பு பழைய டாஸ் காலத்துச் சொத்து. நீளமான பெயர்களை விண்டோஸ் 95 ஏற்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கேமரா, பிரின்டர் என எந்தச் சிறிய கருவியும் தடுமாறாமல் படிக்கக்கூடிய வடிவமே விதியாயிற்று. அது நல்ல முடிவுதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் எல்லாக் கேமரா கார்டுகளும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கின்றன என்றால் அதில் இந்த விதிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் விதியை எழுதியவர்கள் முன்னால் இருந்தது ஒரு கார்டு. அந்தக் கார்டுக்குள் பெயர்கள் மோதாமல் இருந்தால் அவர்களுக்குப் போதும். பல கேமராக்களின் பல வருடத்துப் படங்கள் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வந்து சேரும்போது என்ன ஆகும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலையிலேயே இல்லை. படத் தொகுப்பில் பெயர் குழம்பும்போதெல்லாம் இந்த அடிப்படையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: கேமரா கொடுக்கும் பெயர் கார்டுக்கான பெயர், தொகுப்புக்கானது அல்ல.

முதல் நான்கு எழுத்துகளாவது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகின்றனவே என்று தோன்றலாம். கேனானில் ‘ஐஎம்ஜி_’, நிக்கானில் ‘டிஎஸ்சி_’, ஃபூஜியில் ‘டிஎஸ்சிஎஃப்’. ஆனால் ஐபோனும் ‘ஐஎம்ஜி_’ என்றேதான் தொடங்குகிறது. கேனான் கேமராவும் ஐபோனும் உள்ள வீட்டில் இரண்டு படங்கள் ஒரே பெயரில் சந்தித்துக்கொள்வது தற்செயல் அல்ல, காலம் ஆக ஆக நடந்தே தீரும். ஒலிம்பஸ் சற்று யோசித்தது: மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதிக்கு இரண்டு இலக்கம் என்று அந்த நான்கு இடத்துக்குள்ளேயே நாளைக் கொண்டுவந்தது. வருடத்துக்குத்தான் இடமில்லை.

எண்ணும் சீராக ஓடுவதில்லை. கல்யாணத்துக்குச் சில ஆயிரம் என்று எடுப்பவரின் கேமரா ஒரு முகூர்த்த மாதத்துக்குள்ளேயே 9999-ஐத் தாண்டிவிடும். உடனே புது ஃபோல்டர் தொடங்கி, எண் மறுபடியும் 0001-க்கு வரும். கேமரா மெனுவில் எண்ணைத் தொடர்ச்சியாக ஓடவிடலாம், அல்லது கார்டு மாற்றும்போதெல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லலாம். இரண்டாவது முறையில் இருக்கும் கேமரா, கார்டுக்குக் கார்டு ஒரே பெயர்களை அச்சடித்துக்கொண்டே இருக்கும். கையில் கேமரா உள்ளவர்கள் இந்த ஓர் அமைப்பைச் சரிபார்த்துத் ‘தொடர்ச்சி’ என்று வைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும். தொடர்ச்சியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்கெனவே படங்கள் உள்ள வேறொருவர் கார்டைச் செருகினால், சில கேமராக்கள் அந்தக் கார்டின் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஃபோல்டர் 999, படம் 9999 என்ற நிலைக்கு எண் போய்விட்டால், கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் கேமரா படம் எடுக்க மறுத்துவிடும். கேனான் கையேடுகளில் இது எச்சரிக்கையாகவே அச்சாகியிருக்கிறது.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் இந்த எட்டெழுத்துக் கட்டிலிருந்து வெளியே வந்தன. சாம்சங் போனில் எடுத்த படத்தின் பெயர், எடுத்த நாளும் நேரமும்தான்: 20240114_063015 என்றால் 2024 ஜனவரி 14, காலை 6 மணி 30 நிமிடம் 15 விநாடி. வருடம், மாதம், தேதி என்ற இந்த வரிசைக்கு ஒரு பயன் உண்டு. பெயரை அகரவரிசைப்படி அடுக்கினாலே படங்கள் கால வரிசையில் வந்து நின்றுவிடும். நாம் வழக்கமாக எழுதுவது போலத் தேதியை முன்னால் போட்டால் எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும்.

நேரத்தைப் பெயராக வைப்பதிலும் கவனிக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கூகுளின் பிக்ஸல் போன் பெயரில் எழுதுவது நம் ஊர் நேரம் அல்ல, உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே 2024 புத்தாண்டு பிறந்து பத்து நிமிடம் கழித்துச் சென்னையில் பிக்ஸலில் எடுத்த படத்தின் பெயரில் 2023 டிசம்பர் 31, மாலை 6.40 என்றிருக்கும். பக்கத்திலேயே நின்றவர் சாம்சங்கில் எடுத்ததில் ஜனவரி 1, 00.10. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒரே கொண்டாட்டத்தின் படங்கள் தள்ளித்தள்ளி நிற்கும். பிக்ஸலின் பெயரில் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இருப்பது அதன் நல்ல பக்கம். 2017-இல் வந்த சோனி ஏ9 போன்ற கேமராக்கள் விநாடிக்கு 20 படம் எடுக்கின்றன. நேரத்தை விநாடி அளவோடு நிறுத்திப் பெயர் வைத்தால் இருபதும் ஒரே பெயருக்குத்தான் வந்து நிற்கும்.

வாட்ஸ்அப் வழியாக வரும் படங்கள் தனி வகை. அவற்றின் பெயரில் ஒரு தேதியும், ‘டபிள்யூஏ’ என்ற எழுத்துகளும், 0007 போல ஓர் எண்ணும் இருக்கும். அந்தத் தேதி, படம் எடுத்த நாள் அல்ல. ஆண்ட்ராய்டு போனுக்கு அது வந்து சேர்ந்த நாள். எண் தினமும் புதிதாகத் தொடங்குகிறது. பொங்கல் அன்று அண்ணன் போனில் 0007 என்று இருப்பது பானை பொங்கும் படம், தங்கை போனில் அதே நாள் 0007 என்று இருப்பது யாரோ அனுப்பிய வாழ்த்து அட்டை. அதே பானைப் படம் தங்கையிடம் 0023 என்ற எண்ணில் இருக்கும். பெயர் ஒன்று, படம் வேறு; படம் ஒன்று, பெயர் வேறு. தொகுப்பாளர் சந்திக்கும் இரண்டு குழப்பமும் ஒரே குடும்பக் குழுவில் தினமும் நடக்கின்றன. போதாததற்கு, சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது, உள்ளே பதிந்திருந்த எடுத்த நேரத்தையும் அழித்துவிடுகிறது. அதனால்தான் குடும்பப் படங்களைப் பாதுகாக்க நினைப்பவர்கள் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லிக் கேட்பது அவசியம்.

படத்தின் உள்ளே பதிந்திருக்கும் அந்த நேரம்தான் இந்தக் குழப்பத்திலிருந்து வெளியேறும் வழி. 1995-இல் ஜப்பானில் உருவான எக்ஸிஃப் என்ற தகவல் முறைப்படி, ஒவ்வொரு ஜேபிஜி கோப்பின் தொடக்கத்திலும் எடுத்த நாள், நேரம், கேமரா மாடல், லென்ஸ் போன்றவை எழுதப்படுகின்றன. விநாடியின் பின்னத்துக்குத் தனி இடம் உண்டு. 2016-இல் வந்த திருத்தத்தில், உலக நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று குறிக்கவும் இடம் கிடைத்தது. கோப்பின் பெயரை மாற்றினாலும் இந்தத் தகவல் அசையாது. விண்டோஸ் காட்டும் ‘உருவாக்கிய தேதி’ அப்படியல்ல. இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் நகலெடுத்த நாளே உருவாக்கிய நாள் ஆகிவிடும். அதை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது.

ஆக, கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும்போதே ஒரு முறை பெயரை மாற்றிவிடுவது சிறந்த முறை. முதலில் எடுத்த நாள், பிறகு நேரம், பிறகு கேமராவுக்கு ஓர் அடையாள எழுத்து, கடைசியில் கேமரா கொடுத்த பழைய எண். டிரெடிஷனல் கேமராவுக்கு ஓர் எழுத்து, கேண்டிட் கேமராவுக்கு வேறு எழுத்து என்று வைத்தால், இரண்டு 0412-ம் ஒரே ஃபோல்டரில் சண்டையில்லாமல் இருக்கும். பழைய எண்ணை விடாமல் வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: வாடிக்கையாளர் எழுதி அனுப்பும் தாளும், கார்டில் மிச்சமிருக்கும் மூலமும் அந்த எண்ணைத்தான் பேசும். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் இறக்குமதியின்போதே இந்த விதியை எழுதிவைக்கலாம். 2003 முதல் ஃபில் ஹார்வி வளர்த்துவரும் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே கட்டளையில் இதைச் செய்யும். பெயர் மோதினால் மேலெழுதாமல், சொன்னபடி வரிசை எண் சேர்த்துக்கொள்ளும்.

இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும் என்பது இதில் முக்கியம். ஒன்று நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தால், பின்னால் நடந்தது முன்னால் வந்து வரிசை புரண்டுவிடும். வேலை தொடங்கும் முன் ஒரே போனின் கடிகாரத் திரையை இரண்டு கேமராவிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில புகைப்படக்காரர்களிடம் இருக்கிறது. பிறகு அந்த இரண்டு படத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மொத்தமாகத் திருத்திவிட முடியும்.

வேண்டுமென்றே ஒரே பெயரில் இருக்கும் கோப்புகளையும் இங்கே சொல்ல வேண்டும். ‘ரா’ எனும் பதப்படுத்தாத மூலக் கோப்பு, ஜேபிஜி இரண்டும் சேர்த்து எடுத்தால் கேமரா இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும். கடைசி மூன்று எழுத்து மட்டும் வேறு. ஐபோனின் லைவ் போட்டோவில் ஒரு படமும் ஒரு குட்டி வீடியோவும் ஒரே பெயரில் ஜோடியாக இருக்கும். திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எக்ஸ்எம்பி கோப்பும் அப்படியே. இவை இரட்டைகள் அல்ல, ஒன்றையொன்று அடையாளம் காண அந்தப் பெயரைத் தவிர வேறு பிடிமானம் பல சமயம் இவற்றுக்கு இல்லை. ஒன்றை மட்டும் பெயர் மாற்றினால் மற்றது அநாதையாகிவிடும். கூகுள் போட்டோஸிலிருந்து படங்களை மொத்தமாக இறக்கியவர்கள் பலர் இந்தத் தொல்லையைக் கண்டிருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் இரண்டாவதற்கு அடைப்புக்குறிக்குள் 1 சேரும். அதோடு ஜோடியாக வரும் தகவல் கோப்பின் பெயரிலோ அதே அடைப்புக்குறி வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். கண்ணால் பார்த்து ஜோடி சேர்த்துவிடலாம், மென்பொருள் திணறும்.

அடுத்தது எதிர்ப்பக்கத்துச் சிக்கல். ஒரே படம் நான்கு பெயர்களில் நான்கு ஃபோல்டரில் கிடக்கிறது. எது நகல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரைக் கேட்டுப் பயனில்லை. கோப்பின் உள்ளடக்கத்தைக் கேட்க வேண்டும். எஸ்எச்ஏ-256 என்ற கணித முறை, எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு பைட்டையும் படித்து 64 எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகையைத் தருகிறது. ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். கைரேகை ஒன்றாக இருந்தால் கோப்பு ஒன்றேதான் என்று தைரியமாக முடிவு செய்யலாம். இதே வேலைக்கு முன்பு பயன்பட்ட எஸ்எச்ஏ-1 முறையில், கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் 2017-இல் ஒரே கைரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்கிக் காட்டின. எஸ்எச்ஏ-256-இல் அப்படி யாரும் செய்து காட்டியதில்லை.

ஒரு டெராபைட் படங்களையும் முழுதாகப் படிக்க வேண்டுமென்றால், விநாடிக்கு 150 மெகாபைட் படிக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் நல்ல மென்பொருள்கள் முதலில் கோப்பின் அளவைப் பார்க்கின்றன. அளவு ஒரு பைட் வேறுபட்டாலும் நகலாக இருக்க முடியாது. அளவு ஒத்தவற்றுக்கு மட்டும் கைரேகை எடுத்தால் போதும். லைட்ரூம் இதைவிடச் சுருக்கமான வழியில் போகிறது. முதலில் இருந்த பெயர், எடுத்த நேரம், கோப்பின் அளவு மூன்றும் ஒத்திருந்தால் நகல் என்று சந்தேகப்படுகிறது.

கைரேகைக்கு ஓர் எல்லை உண்டு. படத்துக்கு நட்சத்திரம் கொடுத்தாலோ, தலைப்பு எழுதிக் கோப்புக்குள் சேமித்தாலோ, படம் இம்மியும் மாறாவிட்டாலும் கோப்பின் பைட்டுகள் மாறிவிடும். கைரேகை ‘இது வேறு’ என்று சொல்லும். தகவல் பகுதியை விட்டுவிட்டுப் படப் பகுதிக்கு மட்டும் கைரேகை எடுக்க எக்ஸிஃப்டூலில் வழி இருக்கிறது. வாட்ஸ்அப் சுருக்கிய படத்துக்கோ அதுவும் உதவாது, ஏனென்றால் அங்கே படமே புதிதாக எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கு வேறொரு முறை. படத்தைக் குறுக்கே 9, நெடுக்கே 8 என்று வெறும் 72 புள்ளிகளாகச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் அடுத்தடுத்த புள்ளிகளில் எது வெளிச்சம் அதிகம் என்று பார்க்கிறார்கள். வரிசைக்கு 8 ஒப்பீடு. மொத்தம் 64 ஆம்-இல்லை விடைகள். இரண்டு படங்களின் விடைகளில் ஓரிரண்டு மட்டும் மாறியிருந்தால் அவை ஒரே படத்தின் பிரதிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அளவு சுருங்கினாலும் தரம் குறைந்தாலும் வெளிச்சம், நிழலின் மொத்த அமைப்பு மாறாது என்பதே இதன் அடிப்படை.

இந்த முறை தடுக்கி விழும் இடம் ரிசப்ஷன் மேடை. பின்னணி அலங்காரம் ஒன்று, விளக்கு ஒன்று, நடுவில் நிற்கும் ஜோடி ஒன்று, ஸ்டாண்டில் நிற்கும் கேமரா இம்மியும் நகர்வதில்லை. மாறுவது இருபக்கமும் வந்து நிற்கும் உறவினர்கள் மட்டும். 72 புள்ளிச் சுருக்கத்தில் ஒரு மனிதருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு புள்ளி. மதுரை சித்தப்பா குடும்பமும் அடுத்து ஏறிய ஆபீஸ் நண்பர்களும் கணக்கில் ஒன்றாகிவிடுவார்கள். ‘ஒரே மாதிரிப் படங்களைத் தானாக அழி’ என்ற பொத்தானை இப்படிப்பட்ட தொகுப்பில் அழுத்தினால், ஆல்பத்திலிருந்து உறவினர்கள் காணாமல் போவார்கள். நகல் மிச்சமிருந்தால் போவது டிஸ்க்கில் கொஞ்சம் இடம். படம் அழிந்தால் திரும்ப எடுக்க முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பெரிய ஆவணக் காப்பகங்கள் பெயரை எப்படிக் கையாள்கின்றன என்பதில் வீட்டுத் தொகுப்புக்கும் பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் லைப்ரரி 2004-இல் தொடங்கிய அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தில், தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் டிஜிட்டல் ஆக்கினார்கள். அந்தப் பணிக்கு 737 என்று எண். குறியீடு அந்த எண்ணில் தொடங்கி, தொகுப்பு எண், உள்தொகுப்பு எண் என்று படிப்படியாக இறங்குகிறது. அந்தக் குறியீட்டில் ‘தாத்தா’ என்றோ ‘கல்யாணம்’ என்றோ எதுவும் இல்லை. யார், எந்த ஊர், எந்த ஸ்டூடியோ என்பதெல்லாம் பட்டியலில் தனியே இருக்கின்றன. வீட்டில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு: ‘பாட்டி 80’, ‘பாட்டி 80 நல்லது’, ‘பாட்டி 80 கடைசி’ என்று பெயரிலேயே எல்லாவற்றையும் அடைக்கிறார்கள். விவரத்துக்குப் படத்தின் உள்ளேயே தலைப்பு, குறிச்சொல் என்று இடங்கள் இருக்கின்றன. டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் தமிழிலேயே அவற்றை எழுதித் தேடலாம்.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒரு நுணுக்கத்தை அறிந்திருப்பது நல்லது. யூனிகோடில் ‘பொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ப’வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக் கம்ப்யூட்டர்களின் பழைய கோப்பு முறை இரண்டாவது விதமாகப் பிரித்தே பெயரைச் சேமித்தது. விண்டோஸோ லினக்ஸோ வந்த குறியீட்டை அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஆகவே விண்டோஸில் ‘பொங்கல் 2015’ என்று ஒரு ஃபோல்டர் இருக்க, பழைய மேக்கிலிருந்து அதே பெயரில் ஒன்று வந்தால், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். பேக்கப் மென்பொருளும் அதைப் புதிய ஃபோல்டர் என்று எண்ணி எல்லாப் படங்களையும் மறுபடி நகலெடுக்கும். கோவில், தோட்டம், கொடைக்கானல் என ஒகர, ஓகாரப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெயரை எண்ணில் தொடங்கி, ‘2015-01-15 பொங்கல்’ என்று வைத்தால் இரட்டை நின்றாலும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும், உடனே கண்ணில் படும்.

ஏற்கெனவே பத்து வருடத்துப் படங்கள் குழம்பிக் கிடக்கும் டிஸ்க் என்றால், பெயர் மாற்றத்தில் தொடங்கக் கூடாது. முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். பிறகு கைரேகை ஒத்த நகல்களைக் கண்டுபிடித்து, அழிக்காமல் தனி ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். கைரேகையில் சிக்காத வாட்ஸ்அப் பிரதி இருந்தால், எடுத்த நேரம் பதிந்திருக்கும் மூலக் கோப்பைத் தொகுப்பில் வைத்துக்கொண்டு, பிரதியைத்தான் ஒதுக்க வேண்டும். மூலம் எங்குமே இல்லை என்றால் அந்தப் பிரதியே மூலம். அதற்கு எடுத்த நாளை வீட்டாரிடம் கேட்டு எழுதிச் சேர்க்கலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரா, வீடியோ, எக்ஸ்எம்பி ஜோடிகளைச் சேர்த்தே பெயர் மாற்ற வேண்டும், அதையும் முதலில் நூறு கோப்புகள் உள்ள ஒரு ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கோப்புகளின் எண்ணிக்கையை எழுதிவைத்து ஒப்பிட வேண்டும். ஒன்று குறைந்தாலும், எங்கோ ஒரு பெயர் இன்னொன்றின் மேல் விழுந்திருக்கிறது.